முப்பத்தெட்டுப் பொன்னாடைகள் படித்த பாடம்

முன்னொரு காலத்தில், பொய் சொன்னால் வயிறு வலிக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், தீரவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். இந்தக் கதையைப் பல பேருக்குச் சொல்லியும் எனக்கு இதுவரை வயிறு வலித்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராஜாவிடம் எல்லாம் இருந்தது, நம்பிக்கை ஒன்றைத் தவிர. அவருடைய சாப்பாட்டை ருசி பார்க்க ஒருவன் உண்டு. அவன் ஒழுங்காக ருசி பார்க்கிறானா என்று பார்க்க இன்னொருவன். இந்த இரண்டு பேரும் கண் ஜாடை காட்டிக்கொள்கிறார்களா என்று கவனிக்க மூன்றாவது ஆள். மூன்று பேரும் பார்த்து முடிப்பதற்குள் குழம்பு ஆறி இறுகிவிடும். ராஜா அதைக் கத்தியால் வெட்டித்தான் சாப்பிடுவார். கண்ணாடியில் முகம் பார்க்கும்போது, "இவன் ஏன் நம்மை இப்படி முறைக்கிறான்?" என்று காவலனைக் கூப்பிட்டதாகவும் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில், நாட்டில் ஒரு கல்விச்சாலை கட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. கட்டினார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போனால் போகும்போது கறுப்பாக இருந்த தாடி சேரும்போது வெளுத்துவிடும், அவ்வளவு பெரிய கட்டடம். பதினெட்டுப் பாடங்கள். அதில் விஷ வைத்தியப் பாடத்துக்கு வந்தபோது மட்டும் ராஜாவின் மீசை துடித்தது. விஷத்தை இறக்கத் தெரிந்தவனுக்கு விஷத்தை ஏற்றவும் தெரியுமே. அதனால் அந்த வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் படிக்கக் கூடாது என்று நாற்பது மணைப்பலகைகளைத் தரையோடு ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் தன் முத்திரையைச் சுட்டு வைத்தார்.

பிறகு விதிகள் எழுதினார். பதிவு நாளில் முரசு அடிக்கும்போது எவனுடைய மேலாடை எந்தப் பலகையில் கிடக்கிறதோ, அந்த ஆளே அதில் உட்கார்ந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். ஓலையில் பேர் எழுதினால் சுரண்டிவிடுவார்கள் என்பது அவர் சந்தேகம். போட்ட ஆடையை உரியவரோ அவர் வீட்டாரோ தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. அவர்களே எடுத்துவிட்டால் பலகை போய்விடும். மூன்று பதிவில் இடம் கிடைக்காதவர் நான்காவது தடவை வாசலை மிதிக்கக் கூடாது. மூன்று வருஷமாக ஒருவன் விஷத்தின் மேல் ஆசை வைத்திருக்கிறான் என்றால் அவன் யாரென்று ராஜாவுக்குக் கவலையாக இருந்தது. வகுப்பு தொடங்கும் நாளில் ஒவ்வொரு மாணாக்கருக்கும் ஏழு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், உடம்பில் எதையும் ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா. தோலில் எதையும் பூசி வந்திருக்கக் கூடாது என்பதற்காக வேப்பெண்ணெய் தேய்க்க வேண்டும். முடிக்குள் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக மொட்டை அடிக்க வேண்டும். எவன் பிள்ளையானாலும் விலக்கு கிடையாது.

இந்த விதிகளையெல்லாம் பார்த்துக்கொள்ள அழகப்பிரான் என்பவரைப் பதிவுநாயகமாக நியமித்தார். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் கிடையாது.

இனி உமையாள் விஷயத்துக்கு வருவோம். கரட்டூர் என்ற ஊரில் பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவள், வயது முப்பதுக்கு மேல். அந்த ஊரில் மனிதரைவிடப் பாம்பு அதிகம். பாம்புகளுக்கு வழி விட்ட பிறகுதான் ஜனங்கள் வீட்டுப் படி இறங்குவார்கள். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் உமையாளின் தங்கை பனங்காட்டில் கடிபட்டு, வைத்தியர் இருக்கும் ஊரை நோக்கிக் கட்டிலில் தூக்கிப் போகும்போது பாதி வழியில் செத்ததில் கூட்டல் எதுவும் இல்லை. ஊரார் சேர்ந்து உமையாளை விஷ வைத்தியம் படித்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு வருஷம் அவள் பதிவு நாளில் விடியுமுன்பே கூட்டத்துக்கு முதல் ஆளாக வாசலில் நின்றாள். முரசு அடிப்பதற்குச் சற்று முன் கதவு திறக்கும். உள்ளே ஓடினால் முப்பத்தெட்டுப் பலகைகளில் ஏற்கெனவே பொன்னாடைகள் கிடக்கும். மிச்சம் இரண்டில், முண்டியடித்து ஓடி வந்த இரண்டு தடியர்கள் துண்டைப் போட்டுவிடுவார்கள். மூன்றாம் வருஷமும் அப்படியே ஆனது. மூன்று நாளில் வகுப்பு தொடங்கும். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் அவள் இனி அந்த வாசலையே மிதிக்க முடியாது; கரட்டூருக்கு வைத்தியர் என்ற பேச்சே இல்லை.

அவள் கல்விச்சாலைச் சுவரோரம் உட்கார்ந்திருந்ததை அரண்மனை விகடகவி காளத்தி பார்த்தான். விசாரித்தான். அவள் அழவில்லை. "கதவு பூட்டியிருக்கு, ஐயா. நாந்தான் முதல்ல நிக்கேன். எனக்கு முன்னால அந்தத் துணியெல்லாம் எந்த வழியாப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஊருக்குப் போயிருதேன்" என்றாள்.

காளத்தி விஷ வைத்திய ஆசிரியரைத் தேடிப் போனான். கிழவர் சலித்துப்போயிருந்தார். பொன்னாடைகள் எல்லாம் அரசவைப் பெரியவர்களுடையவை. தங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பாடம் பிடிக்குமோ தெரியாது, எதற்கும் இருக்கட்டும் என்று பதினெட்டு வகுப்பிலும் ஆளுக்கொன்று போட்டு வைக்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே பின்வாசல் திறக்கிறது. ராஜா தசரா தோறும் தன் கையால் போர்த்திய ஆடைகள் என்பதால் தொடவே எவனுக்கும் துணிச்சல் கிடையாது. பிள்ளைகள் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

"அப்ப யாருக்குத்தான் பாடம் நடத்துறீங்க?" என்று காளத்தி கேட்டான்.

"துணிக்குத்தான். மனுசனைவிட அது தேவலாம்ப்பா. பேசுறதில்ல, தூங்குறதில்ல. அந்த ரெண்டு தடியனுங்கதான் குறட்டை விடுறானுங்க."

மறுநாள் காளத்தி சபையில் இதைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அழகப்பிரான் எழுந்துவிட்டார். ராஜாவுக்கு எந்த இடத்தில் அரிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மகாராஜா, விதிப்படி முப்பத்தெட்டு மாணாக்கரும் அமர்ந்திருக்கிறார்கள். அதில் குறை கிடையாது. அடியேனுக்கு வேறொரு யோசனை. எங்கிருந்தோ ஒரு பெண் வருகிறாள். மூன்று வருஷமாக விஷம், விஷம் என்று அலைகிறாள். தங்கள் இலைக்கு அருகே தினமும் உட்காரும் விகடகவி அவளுக்காக வாதாடுகிறார். இருவருக்கும் என்ன சம்பந்தமோ."

ராஜாவின் மீசை துடித்த துடிப்பில் பக்கத்துத் தீபம் அணைந்தது என்பார்கள். அவர் காளத்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அழகப்பிரானையும் மேலும் கீழும் பார்த்தார். சந்தேகத்தில் அவர் பாரபட்சம் காட்டுவதில்லை.

"காளத்தி, அந்தப் பெண்ணுக்கு இடம் வாங்கிக் கொடு. ஆனால் பலகை கூட்டக் கூடாது. உட்கார்ந்தவர் எவரையும் எழுப்பக் கூடாது. என் விதியில் ஓர் எழுத்தை மாற்றக் கூடாது. வகுப்பு தொடங்கும் நாளுக்குள் முடியாவிட்டால் நீங்கள் இருவரும் என் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

அழகப்பிரான் தாடையைத் தடவிக்கொண்டார்.

காளத்தி வணங்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். வகுப்பின் முதல் நாளில் எல்லா விதிகளையும் எல்லா மாணாக்கருக்கும் ஒன்றுவிடாமல் நிறைவேற்ற உத்தரவு வேண்டும். ராஜா அதை யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்து பார்க்க வேண்டும். ஒளிந்திருந்து பார்ப்பது என்றால் ராஜாவுக்குப் பாயசம் மாதிரி. உடனே சம்மதித்தார்.

அந்த நாளும் வந்தது. வகுப்பு மூலையில் புதிதாக ஒரு நெற்குதிர் நின்றது. விஷ வைத்திய வகுப்பில் நெல் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குதிருக்கு இரண்டு துளைகள்; துளைகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள். வேடிக்கை பார்க்க அரசவைப் பெரியவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உமையாள் ஜன்னலுக்கு வெளியே, அவளுக்குப் பின்னால் இடம் கிடைக்காத கூட்டம், அவர்கள் வந்த வரிசையிலேயே.

காளத்தி அழகப்பிரானிடம் மிகுந்த பணிவோடு கேட்டான். "பதிவுநாயகரே, இந்தப் பலகைகளில் இருப்பது யார்?"

அழகப்பிரானுக்கு வலை தெரிந்தது. துணி என்று சொன்னால் பலகை காலி என்று ஆகிவிடும். "மாணாக்கர்கள். ஆடை கிடந்தால் ஆள் இருப்பதாகக் கொள்வதே விதி" என்றார்.

"எழுதிக் கொடுக்க முடியுமா?"

எழுதியே கொடுத்தார். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

காளத்தி கை தட்டினான். குடங்கள் வந்தன. ஆளுக்கு ஏழு. அந்த இரண்டு தடியர்களும் முதல் குடத்திலேயே விழித்துக்கொண்டார்கள். பிறகு பொன்னாடைகளின் மேல் ஊற்றத் தொடங்கினார்கள். இருநூற்று அறுபத்தாறு குடம் ஊற்றி முடித்தபோது வகுப்பிலிருந்து பாய்ந்த தண்ணீரில் கீழ் வயல்களில் இரண்டு போகம் விளைந்தது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனாலும் சிரித்தார்கள். தண்ணீர்தானே, காய்ந்துவிடும்.

அடுத்து வேப்பெண்ணெய்ச் சட்டி வந்தது. காளத்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் வரிசை முதல் பலகையில் இருந்த அரக்குப் பட்டின் மேல் இரண்டு கை எண்ணெயை வழித்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல வாஞ்சையோடு தேய்த்தான். "தம்பி அசையக் கூடாது. கண்ணுல பட்டா எரியும்" என்று அதற்குப் புத்தியும் சொன்னான்.

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா கையால் போர்த்தியது. அடுத்த தசராவுக்கு இதைப் போர்த்திக்கொண்டுதான் சபைக்குப் போக வேண்டும். எண்ணெய் பிசுக்கும் வேப்ப நாற்றமுமாக நின்றால், ராஜா என்ன நினைப்பார்? கண்ணாடியையே நம்பாதவர். அதை நினைத்ததும் பண்டாரத் தலைவர் மெல்ல நழுவிப் போய், எண்ணெய் வருவதற்குள் தன் பிள்ளையின் ஆடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். யானைப்படைத் தலைவர் நழுவவில்லை, ஓடினார். ஒருவர் அவசரத்தில் பக்கத்துக்காரர் ஆடையை எடுத்துவிட்டு அடி வாங்கினார். காளத்தி ஒருவரையும் எழுப்பவில்லை. ஒவ்வொருவரிடமும், "என்னங்க, பையனை அதுக்குள்ள கூட்டிட்டுப் போறீங்க? பாடமே ஆரம்பிக்கலயே" என்று வருத்தத்தோடு விசாரித்ததோடு சரி.

முப்பத்தேழு பலகைகள் காலியாகின. முதல் பலகை ஒன்றில் மட்டும் எண்ணெயில் ஊறிய அரக்குப் பட்டு கிடந்தது. அது அழகப்பிரான் மகனுடையது. அவர் அசையவில்லை. எண்ணெய் பட்டது பட்டதுதான், எடுத்தால் தோற்றதாகிவிடும்.

காளத்தி நாவிதரைக் கூப்பிட்டான். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே வந்து பலகை முன் குந்தினார். இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"முடி எங்க சாமி இருக்கு?"

ஆடையின் ஓரத்தில் தொங்கிய பொன் இழைக் குஞ்சங்களைக் காளத்தி காட்டினான். நாவிதர் தலையாட்டினார். "நல்ல அடர்த்தி. பேன் இருக்குமா?"

முதல் குஞ்சம் கத்திக்கு நேரே வந்தது. அப்போது குதிருக்குள்ளிருந்து லேசாக ஒரு செருமல் கேட்டது. அழகப்பிரான் அந்தச் செருமலை இருபது வருஷமாக அறிந்தவர். நெற்குதிரைப் பார்த்தார். துளைகளைப் பார்த்தார். துளைகள் அவரைப் பார்த்தன. அவ்வளவுதான், ஓடிப் போய் நாவிதர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வெட்டாதேப்பா. அது வெறும் துணி. மகாராஜா கொடுத்த துணி."

"ஆள் இல்லைங்களா?" என்று காளத்தி, எழுதி வாங்கிய ஓலையை எடுத்துப் பார்த்தான்.

"ஆளாவது ஒன்றாவது. அவன் ஊரில் மாமனார் வீட்டில் இருக்கிறான்" என்று சொல்லி, அழகப்பிரான் ஆடையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார்.

குதிர் குலுங்கியது. உள்ளே ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்துப் பழக்கமில்லாதவர் ஆதலால் முதலில் அது விக்கல் போல இருந்தது. பிறகு பெருகிப் பெருகி, குதிரே வெடித்து, மண்ணும் தூசியுமாக வெளியே வந்தார். பின்வாசல் சாவியை அழகப்பிரானிடம் கேட்டு வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பலகை கூடவில்லை, ஒருவரையும் எழுப்பவில்லை, எழுத்து மாறவில்லை என்று விரல் விட்டுச் சரி பார்த்தார். அழகப்பிரானை நாவிதரிடம் காட்டி, "வகுப்புக்கு வந்த ஆள் யாருக்கும் விலக்கில்லை" என்றார். அவருக்கு அன்று மொட்டை ஆனது.

ஜன்னலில் நின்ற உமையாள் கதவு வழியாக வந்து முதல் பலகையில் உட்கார்ந்தாள்; பின்னால் நின்றவர்கள் வரிசைப்படி மற்றப் பலகைகளில் உட்கார்ந்தார்கள். ஏழு குடமும் எண்ணெயும் ஆன பிறகு, மொட்டைத் தலையோடு, "பாடத்தைச் சொல்லுங்க ஐயா" என்றாள். ஆசிரியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பதில் சொல்லும் பலகையை அவர் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

காளத்திக்குப் பரிசு? ராஜா யோசித்தார். "இவ்வளவு சாமர்த்தியம் உள்ளவனை உடனே நம்பிவிடக் கூடாது. ஒரு வருஷம் போகட்டும்" என்றுவிட்டார்.

வருஷம் போனது. உமையாள் படித்து முடித்து, கரட்டூருக்குத் திரும்புமுன் அடுத்த பதிவு நாளில் ஆசிரியருக்கு உதவியாக நின்றாள். முரசு அடித்ததும் பார்த்தால், முதல் பலகையில் துண்டுக்குப் பதில் ஒரு மணிமுடி இருந்தது. விஷத்துக்குப் பயந்து பயந்து அலுத்துப்போன ராஜா, தானே படித்துவிடுவது என்று முடிவு கட்டி, இடுப்புச் சாவியால் பின்வாசலைத் திறந்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

உமையாள் காளத்தியிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாவிதரைக் கூப்பிட்டாள்.

சேதி கேட்டு ராஜா கை கழுவாமல் ஓடி வந்து மணிமுடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எடுத்ததால் பலகை போனது. போய்க் கடைசியில் நின்றார், நூற்றுப் பதினேழாவது ஆளாக. அங்கே நின்றபடியே சிரித்த சிரிப்பில் அவருடைய மீசை ஒரு பக்கம் சாய்ந்து, கடைசி வரை நிமிரவே இல்லை. காளத்தியைக் கூப்பிட்டுத் தன் தோளில் கிடந்த பொன்னாடையை அவனுக்குப் போர்த்தி, இடுப்புச் சாவியையும் அவன் கையில் கொடுத்தார்.

காளத்தி அந்த ஆடையை அன்றிலிருந்து கழற்றவே இல்லை. குளிக்கும்போது கூட. எங்காவது வைத்தால், அது தானாகப் போய் ஏதாவது பலகையில் உட்கார்ந்துவிடுமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

கரட்டூரில் அதற்குப் பிறகு பாம்புக் கடிக்கு ஒருவரும் சாகவில்லை. இதைச் சொல்லும்போதும் எனக்கு வயிறு வலிக்கவில்லை.