மூக்குக் கண்ணாடியும் ஆம்பல் தண்டும்

முன்னொரு காலத்தில், மிளகு ஏற்றிப்போன கப்பல்கள் கண்ணாடிச் சாமான்களோடு திரும்பி வந்த நாட்களில், ஒரு நாட்டைக் குணவீரன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். மதயானையை அடக்கியவர், மூன்று போர்களில் வென்றவர். ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக ஒரு பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. எதிர்மலையில் மேயும் ஆடுகளை இன்றும் எண்ணிவிடுவார். கையில் இருக்கும் ஓலையிலோ எழுத்துக்குப் பதில் எறும்புகள் ஊர்ந்தன.

இதை ராணியிடம்கூட அவர் சொல்லவில்லை. இன்று கண், நாளை கை, அப்புறம் அரியணை என்று மனம் தானாகவே வழுக்கிக்கொண்டு போனது. அதனால் ஓலை வந்தால் பெரிதாக ஒரு கொட்டாவி விடுவார். "நீரே படியும், மல்லையரே" என்று நீட்டிவிடுவார்.

அரசின் ஓலைகளைப் படிப்பதும் எழுதுவதும் மல்லையரின் வேலை. கொட்டாவியின் காரணம் அவருக்கு எப்போதோ புரிந்துவிட்டது. புரிந்ததை அவர் காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய செல்வாக்கெல்லாம் அந்த மௌனத்தில்தான் இருந்தது. அவருக்கு இருந்த ஒரே உறுத்தல் அரண்மனை விகடகவி சேந்தன். மன்னர் மல்லையரின் பேச்சைக் கேட்பார். சேந்தனின் பேச்சுக்குக் காத்திருப்பார்.

ஒரு நாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் சபையில் ஒரு பெட்டியைத் திறந்தான். வைக்கோலுக்கு நடுவே மூக்குக் கண்ணாடிகளும் கண்ணாடிக் குவளைகளும் மின்னின.

"நடுவில் தடித்தது, கிட்டத்தில் கண் தெரியாதவர்களுக்கு. நடுவில் மெலிந்தது, தூரத்தில் தெரியாதவர்களுக்கு. பச்சை நிறத்தது, வெயிலில் கண் கூசுபவர்களுக்கு" என்றான் வணிகன்.

மன்னரின் கை அவரைக் கேட்காமலே அந்தத் தடித்த கண்ணாடியை நோக்கி நீண்டது.

"நம் மன்னருக்கு எதற்கு இந்த ஊன்றுகோல்?" என்று சிரித்தார் மல்லையர். "கழுகுக் கண் அல்லவா அவருக்கு!"

சபையும் சிரித்தது. நீண்ட கை மீசையைத் தடவிவிட்டுத் திரும்பியது. "ஆமாம், எனக்கு எதற்கு?" என்றார் மன்னர். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

அடுத்து வணிகன் குவளைகளை எடுத்தான். பிடி வைத்துத் தடித்திருந்தது சூடான கஷாயத்துக்கு. கோடு போட்ட சின்னது மருந்து அளக்க. ஒற்றைக் காலில் பூப்போல விரிந்து நின்றது குளிர்ந்த பானத்துக்கு. காலைப் பிடித்துக் குடித்தால் கைச்சூடு பானத்தில் ஏறாதாம். சொல்லிவிட்டு அவன் விளிம்பை உதட்டில் வைத்து உறிஞ்சிக் காட்டினான்.

சபையே முகம் சுளித்தது. அந்த நாட்டில் பாத்திரத்தில் வாய் வைத்து யாரும் குடிப்பதில்லை. உதடு பட்டால் எச்சில். செம்பை உயர்த்தி, அண்ணாந்து, தொண்டைக்குள் நேராக ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

"நம் முறையில் குடிப்போம்" என்றார் மன்னர். ஒற்றைக்கால் குவளைகளில் பானகம் நிரப்பினார்கள். எல்லோரும் அண்ணாந்தார்கள். செம்புக்கு ஒடுங்கிய கழுத்து உண்டு. இந்தக் குவளைக்கோ வாய் மட்டும்தான் இருந்தது. பானகம் ஒரேயடியாகக் கவிழ்ந்து மூக்கு, தாடி, மார்பு எல்லாவற்றையும் நனைத்தது. சேனாதிபதிக்குப் புரையேறியது. மன்னரின் மீசையில் ஏலக்காய்த் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டது.

சேந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மன்னரைப் பார்த்தா சிரிக்கிறாய்?" என்று சீறினார் மல்லையர்.

வேறு நாளாக இருந்தால் மன்னரும் கூடச் சிரித்திருப்பார். அன்று கண்ணாடிப் பெட்டி மனதை ஏற்கெனவே கீறியிருந்தது. "அவ்வளவு சுலபமா, சேந்தா? நாளை இதே குவளையில் உதடு படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் நீ குடித்துக் காட்டு. முடியாவிட்டால் பத்து நாள் என் முகத்தில் விழிக்காதே" என்றார்.

அதை ஓலையில் எழுதிக்கொண்டு வந்தார் மல்லையர். மன்னர் கொட்டாவி விட்டபடி அரக்கில் தன் மயில் முத்திரையை அழுத்தினார்.

மறுநாள் சபையின் நடுவே குவளையை வைத்தார்கள். சேந்தனின் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை. அந்த ஓலையை அவன் வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டியிருந்தார்கள். மன்னருக்கு அது தெரியும். பத்து நாள் விலக்குக்கா இவன் இப்படி வெளிறிப்போக வேண்டும் என்று அவர் வியந்தார்.

சேந்தன் மடியிலிருந்து ஓர் ஆம்பல் தண்டை எடுத்தான். குளத்துப் பிள்ளைகள் ஊதி விளையாடும் சாதாரணத் தண்டு, உள்ளே துளை உள்ளது. அதன் ஒரு நுனியைப் பானகத்தில் விட்டு, மறுநுனியை வாயில் வைத்து உறிஞ்சினான். குவளை இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. கடைசித் துளியும் சளசளவென்று மேலேறிப் போயிற்று.

"குவளையில் உதடு படவில்லை, மன்னா. தரையும் காய்ந்துதான் இருக்கிறது."

சபை கைதட்டியது. மல்லையர் மட்டும் கையை உயர்த்தினார். "குவளைக்குள் வேறு எதையும் இடலாகாது என்று ஓலையில் தெளிவாக இருக்கிறது. இவன் தோற்றுவிட்டான்."

"அப்படி ஒரு வரி ஓலையில் இல்லை" என்றான் சேந்தன்.

"இல்லையா? மன்னரே பார்த்துச் சொல்லட்டும்!" மல்லையர் பணிவாக ஓலையை மன்னரின் கையில் வைத்தார்.

மன்னர் குனிந்தார். எறும்புகள். கையைத் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தெளிந்த எறும்புகள். அப்படியொரு சொல்லைத் தான் சொல்லவில்லை என்று அவருக்கு நிச்சயம். ஆனால் இல்லை என்றால், 'எந்த வரியில், மன்னா?' என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது என்றால் ஒரு நிரபராதி தண்டனை பெறுவான். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை போர்களில் அவருக்கு வியர்க்காத இடத்தில், காதுக்குப் பின்னால், வியர்த்தது.

சேந்தன் அவர் இருந்த பக்கமே பார்த்தான். பிறகு தடாலென்று தரையில் உட்கார்ந்தான்.

"போகட்டும், மன்னா. நான் தோற்றவனாகவே இருக்கட்டும். பதினோரு ஆண்டுகள் உங்களைச் சிரிக்க வைத்தேன். போவதற்கு முன் ஒரே ஒரு முறை நீங்கள் என்னைச் சிரிக்க வையுங்கள். நேற்று வந்ததே, மூக்கில் சவாரி செய்யும் சாமான், அதை மாட்டிக்கொண்டு அந்த ஓலையைப் படிப்பதுபோல் நடியுங்கள். மல்லையரைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு!"

"சபையில் இதென்ன கூத்து?" என்று பதறினார் மல்லையர்.

மன்னருக்குப் புரிந்தது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், உள்ளே நுழைய ஒரு கதவை மட்டும் திறந்துவைத்துவிட்டு விலகி நிற்கிறான். "கொண்டுவாருங்கள் பெட்டியை" என்றார்.

முதலில் பச்சைக் கண்ணாடியை மாட்டினார். "அடடா, மல்லையர் கீரைபோல இருக்கிறார்!" சபை குலுங்கியது. அடுத்து மெலிந்ததை மாட்டினார். எறும்புகள் இன்னும் சின்னவையாயின. மூன்றாவதாகத் தடித்ததை மூக்கில் ஏற்றினார்.

எறும்புகள் நின்றன. காலும் கொம்பும் புள்ளியுமாக எழுத்துகள் வரிசையில் நின்றன, வெகுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரர்களைப்போல. மன்னர் எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தார்.

"'...தவறினால் சேந்தனின் வீடும் நிலமும் மல்லையரைச் சேரும். சேந்தன் குடும்பத்தோடு பொழுது சாய்வதற்குள் நாட்டெல்லையைக் கடக்க வேண்டும்.'"

சிரிப்பு நின்றுவிட்டது. மல்லையர் சொன்ன வரி ஓலையில் எங்குமே இல்லை. ஓலையின் அடியில் மயில் முத்திரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அழுத்தியது தன் கைதான்.

இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஓலைகள்? தான் சொல்லாத சொற்களைச் சுமந்துகொண்டு எத்தனை பேர் எல்லை கடந்து போனார்கள்? அவர்கள் இரவெல்லாம் திட்டியிருப்பது மல்லையரை அல்ல, தன்னைத்தான். அதில் தவறும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றி, எல்லாம் நடிப்புத்தான் என்று சிரித்துவிடலாம். சேந்தன் அதற்கும் வழி வைத்திருந்தான். மன்னர் கழற்றவில்லை.

"சபையோரே, எனக்குக் கிட்டத்தில் கண் தெரியாது. இரண்டு ஆண்டுகள் ஆயிற்று" என்றார்.

அரியணை அப்படியே இருந்தது. கூரையும் விழவில்லை. சேனாதிபதி மெல்ல இருமினார். "எனக்கு மூன்று ஆண்டுகள், மன்னா. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுத்தால்..."

மன்னர் அவரைக் கையமர்த்திவிட்டு மல்லையரிடம் திரும்பினார். "இரண்டு ஆண்டுகளில் நீர் எழுதிய ஓலைகள் அனைத்தும் என் முன் வரட்டும். நானே படிப்பேன். அநியாயமாக யாரெல்லாம் போனார்களோ, அவர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் நீர் நடந்தே போய் அழைத்து வாரும். கடைசி ஆள் திரும்பும்வரை உமக்கு இந்தச் சபையில் இடமில்லை."

மல்லையர் தலைகுனிந்து வெளியேறினார். மன்னர் சேந்தனை அருகே அழைத்தார். "தலைகீழ் முத்திரையைப் பார்த்துத்தானே என் கண்ணைப் பற்றிக் கண்டுபிடித்தாய்? நேராகச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் மல்லையர் தோற்றிருப்பார், மன்னா. கூடவே நீங்களும் தோற்றிருப்பீர்கள்."

மன்னர் அவன் தோளைத் தொட்டார். "ஆற்றங்கரை நிலம் பத்து வேலி உனக்கு. இன்னும் என்ன வேண்டுமோ கேள்."

"அந்த மெலிந்த கண்ணாடி போதும். எனக்கு எட்டடிக்கு அப்பால் எல்லாம் புகை. இத்தனை காலம் சத்தத்தை வைத்துத்தான் நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். சிரிக்கும் முகத்தைப் பார்த்ததே இல்லை."

மன்னர் தன் கையாலேயே அதை அவன் மூக்கில் மாட்டிவிட்டார். சேந்தன் தன் வழக்கமான இடத்துக்குப் போய் நின்று, கண்ணை இடுக்கி, நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன தெரிகிறது, சேந்தா?"

"மன்னா, உங்களுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை! நாட்டில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே!"

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இரண்டு பல் இடைவெளியும் நன்றாகத் தெரியும்படி, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவ நழுவ, நெடுநேரம் சிரித்தார்.