மயில் வராத விருது விழா

குளத்தங்கரையில் தேவாங்கு நாடகம் போட்டது. கோரைப் புல்லுக்குப் பின்னால்தான் போட்டது. கரையில் மேடையாக இருந்த பெரிய பாறை மயிலின் ஆட்டத்துக்கு. சிறந்த கலைஞர் விருது வாங்கியவருக்கே அடுத்த ஆண்டு பாறை என்பது அந்தக் காட்டின் வழக்கம். மற்றவர்களுக்குக் கோரைப் புல்லும் சேறும்.

அந்த ஆண்டு தேவாங்கு கண் தெரியாத கிழ மானாக நடித்தது. காணாமல் போன குட்டியை மோப்பம் பிடித்தே தேடும் வேடம். பார்த்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் அழுதார்கள். அவர்களில் ஒரு புள்ளிமான் நாடகம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

விருது யாருக்கு என்று முடிவு செய்வது நரி.

"நரியாரே, கோரைக்குப் பின்னாலும் வந்து பாருங்களேன்!" என்று அணில் கூப்பிட்டது. அணில்தான் தேவாங்கின் நாடகத்துக்குத் தாளம் போடும்.

"காலில் சேறு ஒட்டும் தம்பி!" என்றது நரி.

ஆனி மாத விழாவில் விருதான தாமரை மாலை மயிலுக்குப் போனது.

"எல்லாம் கண்துடைப்பு! இனி அவர்களே கொண்டுவந்து கொடுத்தாலும் தொட மாட்டேன்!" என்று தேவாங்கு கத்தியது.

அடுத்த ஆண்டு தேவாங்குக்குச் சளி. ராஜா வேடத்தில் நான்கு முறை தும்மியது. பாதியில் வசனம் மறந்து நின்றது. அணில் தாளத்தைப் போட்டுப் போட்டுச் சமாளித்தது.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டதால் விழா புரட்டாசிக்குத் தள்ளிப்போனது. மயிலுக்குத் தோகை உதிர்ந்திருந்தது.

"மொட்டை வாலோடு மேடை ஏறுவேனா? ஆளை விடுங்கள்!" என்று மயில் முள்ளுக்காட்டுக்குள் பதுங்கிக்கொண்டது.

வராதவருக்கு விருது கிடையாது. நரி கூட்டத்தைப் பார்த்தது. முன்வரிசையில் தேவாங்கு உட்கார்ந்திருந்தது, சும்மா வேடிக்கை பார்க்க.

"தேவாங்கே, மேலே வா!"

"அண்ணே, தொட மாட்டேன்னு சொன்னீங்களே?" என்று அணில் கிசுகிசுத்தது.

"அது போன வருஷம்! இந்த வருஷம் சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க!" என்று தேவாங்கு ஓடிப்போய்க் கழுத்தை நீட்டியது.

கீழே இறங்கியதும் புள்ளிமான் எதிரே வந்தது. "சந்தோஷம் தம்பி. ஆனா இது போன வருஷம் வந்திருக்கணும். இந்த வருஷம் நீ தும்மினதுதான் எனக்கு ஞாபகம்."

தேவாங்கு நரியிடம் திரும்பிப் போனது. "எனக்கு ஏன் கொடுத்தீர்கள்?"

"மயில் வரவில்லை. மாலை வாடிக்கொண்டிருந்தது. நீ முன்னால் இருந்தாய்!"

தேவாங்குக்கு மாலையைக் கழற்ற மனம் வரவில்லை. போட்டிருக்கவும் கூசியது.

"திருப்பிக் கொடுத்துடவா?" என்று அணிலிடம் கேட்டது.

"கொடுத்தா பாறையும் போயிடுமே அண்ணே!"

தேவாங்கு கொடுக்கவில்லை.

மறு ஆண்டு பாறைமேல் அதே கிழ மான் நாடகம் மறுபடி நடந்தது. காடே திரண்டு வந்திருந்தது. நரியும் மூக்கை உறிஞ்சியது. நாடகம் முடிந்து ஆரவாரம் அடங்கியபோது, கோரைப் புல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அங்கே ஒரு கீரி நான்கு பேருக்கு முன்னால் நடித்துக்கொண்டிருந்தது.

தேவாங்கு இறங்கி வந்து நரியின் கையைப் பிடித்தது. "வாருங்கள், பார்க்கலாம்."

"சேறு ஒட்டுமே!"

"நான் துடைத்து விடுகிறேன்!"

முணுமுணுத்துக்கொண்டே நரி சேற்றில் கால் வைத்தது.

தகுதி பார்க்காமல் வந்த பரிசாக இருந்தாலும், அதனால் கிடைத்த இடத்தைத் தகுதியுள்ள இன்னொருவருக்கு வழிவிடப் பயன்படுத்துகிறவரே அந்தப் பரிசுக்குத் தகுதியானவர் ஆகிறார்.