ராஜா காருக்கு அடியில் ஏணியா, தண்டா?

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். செங்கமேட்டுச் சமஸ்தானத்தில் ஒரு ராஜா இருந்தார், அவரிடம் ஒரு கார் இருந்தது. கதைக்கு அது போதும்.

கார் புதுசு இல்லை. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஒன்றாகப் பொருத்தி, ஓட்டிச் சலித்து விற்ற கார். சமஸ்தான அதிகாரியான பேஷ்கார் ஆராவமுதம் அதை வாங்கி வந்து ராஜா உத்தண்ட பூபதி தலையில் கட்டிவிட்டார். மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ட். கதவு இடுக்கில் கை நுழையும். தரைப்பலகை இடுக்கில் ரோடு தெரியும். ஆனால் அழகு. அதை மறுக்க முடியாது.

ஆயுத பூஜை அன்று ராஜா, ராணி, ஆறு பிள்ளைகள் எல்லோரும் அதில் மலைக்கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. காலையிலேயே காருக்குப் பூஜையும் ஆயிற்று. டிரைவர் மரியசூசை மட்டும் நகரவே இல்லை.

"மகாராஜா, இதுல எட்டுப் பேர் ஏறக் கூடாதுங்க. அடியில ஒத்தைத் தண்டுதான் இருக்கும்போல. வளைவுல திருப்புனா இடது கதவு தானா திறந்துக்குது. வண்டி முறுக்குதுங்க. மலையில பாதி வழியில முறிஞ்சா எட்டு உசுரு!"

ஆராவமுதம் பாய்ந்தார். "பொய் பிரபு! அடியில் லாரிக்கு இருப்பதுபோல ஏணிச் சட்டம். நீளவாக்கில் ரெண்டு இரும்பு, குறுக்கே நாலு. யானையே ஏறலாம்! இவன் ராஜ வாகனத்தைப் பழிக்கிறான்!"

"இதுக்கு ஏன் சண்டை? குனிந்து பார்த்தால் தெரிந்துவிடுமே" என்றார் ராஜா.

"பூஜை போட்ட வண்டிக்குக் கீழே ஒருத்தன் தலை போகலாமா? அபசகுனம் பிரபு!"

ராஜாவுக்குச் சகுனம் என்றால் உதறல். உடனே ஆணை போட்டார்.

"மரியசூசை! யாரும் குனியக் கூடாது. வண்டியைத் தூக்கக் கூடாது. ஒரு ஆணியைக் கழற்றக் கூடாது. கண்ணாடி வைத்தும் பார்க்கக் கூடாது. நான் கிளம்புவதற்குள் தண்டுதான் என்று காட்டு. இல்லாவிட்டால் உன் வேலையும் போச்சு, குடியிருக்கும் வீடும் போச்சு."

மரியசூசை நேராக விகடகவி வெள்ளியப்பனிடம் ஓடினார். சம்பளம் வாங்கிக்கொண்டு ராஜாவையே கிண்டல் செய்ய அந்தச் சபையில் தைரியம் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணே, காப்பாத்துங்க."

"அந்தக் கார் ஒழுகுமா?"

"மழை வந்தா உள்ள குடை பிடிச்சுக்கிட்டுதாண்ணே ஓட்டுவேன்."

"போதும். போய் மூஞ்சியக் கழுவு."

வெள்ளியப்பன் சபைக்கு வந்தார். "பிரபு, ராஜ வாகனம் வெறுந்தரையிலா கிளம்புவது? நடைபாவாடை விரிக்க வேண்டாமா? மஞ்சள் நீர் விட வேண்டாமா?"

ஆராவமுதமும் தலையாட்டினார். வழக்கத்தை வேண்டாம் என்று எவன் சொல்வான்?

வாசலில் நீளமாக வெள்ளைத் துணியை விரித்தார்கள். காரை அதன்மேல் தள்ளி நிறுத்தினார்கள். வெள்ளியப்பன் செம்பில் மஞ்சள் நீரை எடுத்து, காருக்குள்ளே பலகை இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

"மெத்தை நனையுதய்யா!" என்று கத்தினார் ஆராவமுதம்.

"பூஜைக்கு நனையாத மெத்தை எதுக்கு பேஷ்காரே?"

சொட்டு, சொட்டு, சொட்டு. எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், "இப்ப முன்னால தள்ளு" என்றார் வெள்ளியப்பன்.

துணியைப் பார்த்தார்கள். ஓரங்களில் சிதறிய புள்ளிகள். நட்ட நடுவில் நீளமாக ஒரே ஒரு மஞ்சள் கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு இல்லை. குறுக்கே ஒன்றுகூட இல்லை. அடியில் எங்கே இரும்பு இருக்கிறதோ அதன் வழியே ஓடித்தானே தண்ணீர் சொட்டும்! கோட்டின் பாதியில் வடை அளவுக்கு ஒரு திட்டு.

"அது என்ன?" என்றார் ராஜா.

"ஒட்டுப் போட்ட இடமுங்க" என்றார் மரியசூசை. "தண்ணி அங்கதான் தேங்கிச் சொட்டியிருக்கு. ரெண்டு குழாயைச் சேத்து ஒட்டித்தான் அந்தத் தண்டையே பண்ணியிருக்கான். அதுக்கு நேர் மேலதான் மகாராஜா ஆசனம்."

ராஜா ஆராவமுதம் பக்கம் திரும்பினார். "பேஷ்காரே, யானையே ஏறலாம் என்றீரே. நீர் மட்டும் ஏறி மலைக்குப் போய் வாரும், பார்ப்போம்."

"அடியேன் நடந்தே வருகிறேன் பிரபு. வந்து... ஒரு வேண்டுதல்."

சபை சிரித்தது. ஆராவமுதத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆணையை மீறிவிட்டான் பிரபு! வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டான்!"

"நானா?" என்றார் வெள்ளியப்பன். "நான் குனியவே இல்லையே பிரபு. பார்த்தது தரை. அது பிறந்ததிலிருந்து மல்லாந்துதான் படுத்திருக்கு. அதை எழுந்து நிற்கச் சொல்லி நீங்க ஆணை போடலையே!"

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி வெள்ளியப்பன் கழுத்தில் போட்டார். மரியசூசைக்கு வேலையும் வீடும் தங்கின. ராஜா குடும்பம் மாட்டு வண்டியில் மலை ஏறியது. பேஷ்கார் அதற்கு முன்னால் நடந்தார். வேண்டுதலாயிற்றே!