ஃபேன் காற்றில் ஆறிய மண்

இது நான் நேரில் பார்த்ததல்ல. எனக்குச் சொன்னவரும் அங்கே இருந்தவரல்ல. அங்கே வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் அவருக்கே தெரியும். கேட்டபடி எழுதுகிறேன்.

மூடிக்கிடந்த ஒரு பூச்சிமருந்து ஆலை. அதன் விஷம் பக்கத்துத் தெருவின் அடிமண் வரை இறங்கியிருந்தது. தெருவைக் காலி செய்துவிட்டு மண்ணைச் சூடாக்கினார்கள். ஆழத்தில் இறக்கிய இரும்புக் குழாய்கள் மின்சாரத்தில் கனன்றன. மண்ணிலிருந்து ஆவியாகிக் கிளம்பும் விஷத்தை வேறு குழாய்கள் உறிஞ்சி, கரி நிரப்பிய தொட்டிகளுக்குக் கொண்டுபோயின.

அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் நாச்சியார். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் சுடலைமணி. கற்பவர்தான் வயதில் மூத்தவர். அதனால் நாச்சியார் அவரை அண்ணாச்சி என்பார். அவர் மேடம் என்பார்.

சுடலைமணியின் மனைவி பிறந்தது அந்தத் தெருவில். அவளுடைய தம்பி பேச்சிமுத்துவும் மற்றவர்களும் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். மழை வந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும்.

ஒரு காலையில் ஆய்வகத்தின் முடிவு வந்தது. மண்ணில் விஷம் இல்லை.

சுடலைமணி முதலில் மச்சினனுக்குப் போன் பண்ணினார். அதன் பிறகுதான் மேடத்திடம் போனார்.

"நீங்க கையெழுத்துப் போட்டா ஜனங்க இன்னைக்கே குடி போயிரலாம் மேடம்."

நாச்சியார் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மண்ணு எடுத்தது யாரு?"

"நான்தான்."

"சூடா இருந்திருக்குமே?"

"கை வைக்க முடியல. குளிர வைக்க ஐஸ் வண்டி வரல. ஆய்வகத்து டிரைவர் வேற ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்கான். தட்டுல கொட்டி ஃபேனுக்கு எதிர வெச்சேன். சட்டுனு ஆறிட்டு."

"கஞ்சி ஆத்துற மாதிரி."

"ஆமா மேடம்" என்று சிரித்தார் சுடலைமணி. நாச்சியார் சிரிக்கவில்லை.

வெளியே வண்டிகள் வந்து நின்றன. யாரோ கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள்.

"அத்தான்!" பேச்சிமுத்துவின் குரல். "கேட்டத் தொறக்கச் சொல்லுங்க. கட்டிலு, பீரோ எல்லாம் ஏத்தியாச்சு!"

"இன்ஜினியரம்மா இன்னும் எந்திரிக்கலியோ?" என்றாள் ஒரு பெண். கூட்டம் சிரித்தது.

நாச்சியார் சுடலைமணியைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அதே இடத்துல இன்னொரு குழாய் மண்ணு எடுத்துட்டு வாங்க."

"மேடம், வெளிய அவங்க..."

"எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி."

அவர் கனத்த கையுறையோடு எடுத்து வந்தார். இரண்டு முனையும் மூடிய எஃகுக் குழாய். உள்ளே மண் கொதித்தது. அதற்குள் நாச்சியார் மேசையில் ஒரு தட்டை வைத்து, பின்னால் ஃபேனைப் போட்டு, எதிரே நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"மூடியத் திறந்து தட்டுல கொட்டுங்க. போன தடவை மாதிரியே."

சுடலைமணி மூடியில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

"என்னாச்சு?"

"முகமூடி போட்டுக்கிடுதேன் மேடம்."

"எதுக்கு? விஷம் இல்லைன்னு தாள் சொல்லுதே."

கேட்டில் கல்லால் தட்டும் சத்தம் கேட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"போன தடவை ஆற வெச்சப்ப, இங்க யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. நானும் வெளிய போயிட்டேன்."

"ஏன்?"

அவர் மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"வாடை தாங்கல."

நாச்சியார் ஃபேனை நிறுத்தினார். மூடியைத் திறக்காமலே குழாயை வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

"அத்தான், இருக்கீங்களா இல்லையா?"

சுடலைமணி கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆய்வகத்துல தப்பு பண்ணிட்டாங்கன்னு சொல்லிரவா மேடம்? அப்படின்னா கேட்டுக்கிடுவாங்க."

"தட்டுல மிச்சம் இருந்ததத்தான் அவங்க பார்த்தாங்க. பார்த்ததச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"அப்ப நான் என்னன்னுதான் சொல்லட்டும்?"

"நீங்க எந்திரிச்சு வெளிய போனதச் சொல்லுங்க அண்ணாச்சி."

சூடான மண்ணை மூடியபடியே குளிர வைத்த பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ஆவியாகப் பறந்துவிடும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தது மட்டும் போதாது என்று தோன்றியதால் அந்தத் தெருவுக்கும் போனேன். மறுபடியும் சுட்டு முடித்த மண்மேல் பேச்சிமுத்து இப்போது குடியிருக்கிறார். அன்றைக்குக் கேட்டுக்கு வந்து யார் பேசியது என்று கேட்டேன்.

"அத்தான்தான் வந்தாரு. சொன்னாரு. வண்டியத் திருப்பிட்டோம்" என்றார்.