எண்பத்தொன்றுக்கு மேல்

வயலட் மாஸ்டரிடம் குத்துச்சண்டை பழகிய பெண்களில், கையைவிட வாயை அதிகம் வீசுகிறவள் யாமினிதான். எம்.ஏ. தத்துவம், இரண்டாம் ஆண்டு. எடைப்பிரிவு, எண்பத்தொரு கிலோவுக்கு மேல். அதற்கு மேல் பிரிவு கிடையாது.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்காக மாஸ்டரும் ஐந்து பெண்களும் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். திண்டிவனம் தாண்டியதும் ஏசி நின்றுபோனது.

மற்ற நான்கு பேரும் தங்கள் பிரிவுக்குள் வர எடை குறைக்கிறவர்கள். நேற்றிலிருந்து சோறு இல்லை. காலையிலிருந்து தண்ணீரும் இல்லை. பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்த்தார்கள். ஆளுக்கொரு காலி பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே வந்தார்கள். எச்சிலுக்கும் எடை உண்டு.

யாமினிக்கு அந்தக் கவலை இல்லை. மிக்சர் தின்றாள்.

"தலைய வெளிய நீட்டித் தின்னுடி. வாசனை வருது," என்றாள் டெல்சி. ஐம்பத்து நாலு கிலோக்காரி.

"வாசனைக்கு எடை இல்ல."

பேச்சை ஆரம்பித்துவைத்தவர் வேன் ஓட்டிய காஜா பாய்.

"பாக்ஸிங் பொண்ணுங்களா, எனக்கு ஒரு டவுட்டு. ஹெவிவெயிட்ல இதுவரைக்கும் வந்ததுல யாரும்மா பெரிய ஆளு? என்னைக் கேட்டா டைசன்."

"பாய், நீங்க ரோட்டைப் பாருங்க," என்றாள் யாமினி.

"இருபது வயசுல சாம்பியன்மா!"

"இருபத்துமூணு வயசுல டக்ளஸ்கிட்ட விழுந்தாரு. அடுத்த ஆளைச் சொல்லுங்க."

டெல்சி பாட்டிலில் துப்பிவிட்டு, "அலி. இதுல என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?" என்றாள்.

"அலி அஞ்சு தடவை தோத்திருக்காரு."

"தோத்தா என்ன?"

"தோத்தவரு எப்படி எல்லாரையும்விடப் பெரியவரு ஆவாரு? மார்சியானோவைப் பாரு. நாப்பத்தொம்பது சண்டை. நாப்பத்தொம்பதும் ஜெயம். அப்படியே போதும்னு இறங்கிட்டாரு. அந்த நாப்பத்தொம்பது சண்டையிலயும் எதிர்ல நின்னவங்க பேரை வரிசையாச் சொல்லட்டுமா?"

"வேணாம்."

சொன்னாள். பண்ருட்டியில் ஆரம்பித்து நெய்வேலிக்கு முன்னால் முடித்தாள். இரண்டு முறை வந்தவர்களை இரண்டு முறை சொன்னாள். நடுவில் காஜா பாய் கொட்டாவி விட்டார்.

"அதுல பாதிப் பேரு ஓஞ்சவங்க," என்றாள் டெல்சி. "ஜோ லூயிஸ்கூட முடி கொட்டி, வயசாகி வந்துதான் அவர்கிட்ட மாட்டினாரு."

"அதுக்கு மார்சியானோ என்ன பண்ணுவாரு? எதிர்ல வந்தவங்களை அடிச்சாரு. வராதவங்களுக்கு அவரா பொறுப்பு? தோல்வி பூஜ்யம். அவ்வளவுதான்."

"உன் கதை மாதிரி."

"என்ன என் கதை?"

"மூணு வருஷமா தங்கம். ரிங்குல எவளையாவது பாத்தியா? நீ ஜெயிச்சது தராசைடி. ஆளை இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு வாயில் ஈரம் வேண்டும்.

டெல்சி சொன்னது உண்மைதான். ஒவ்வொரு வருடமும் யாமினியின் பிரிவில் வேறு ஆள் வருவதில்லை. பேரைக் கூப்பிடுவார்கள். ரிங்கில் ஏறுவாள். எதிர்மூலை காலியாக இருக்கும். நடுவர் அவள் கையைத் தூக்குவார். இறங்குவாள். வாக்கோவர்.

"ஆள் வராதது என் தப்பா?" யாமினி மிக்சர் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "இந்த நாட்டுல எண்பது கிலோப் பொண்ணே இல்லையா? தெருவுக்குத் தெரு இருக்கா. எந்த வீட்டுல வெளிய விடுறாங்க? துப்பட்டாவை இழுத்துவிடு, கொஞ்சமா தின்னு, போட்டோல பின்னாடி போய் நில்லு. இப்படியே வளத்துட்டு, நாலு பேர் முன்னாடி பனியனோட நில்லுன்னா எவ வருவா? நான் வந்தேன். இன்னும் ஒருத்தி வரட்டும். ஒருத்தியாவது வரட்டும். அப்புறம் பேசு நீ!"

டெல்சி பாட்டிலில் துப்பினாள்.

யாமினிக்கு இது கடைசி வருடம். இந்த முறை தங்கம் வாங்குகிறவள் அகில இந்தியப் போட்டிக்குப் போவாள். அங்கே வட இந்தியாவிலிருந்து அவள் எடையில் பெண்கள் வருவார்கள். போன மூன்று வருடமும் செலவுக்கு ஒதுக்கீடு இல்லை என்று பல்கலைக்கழகம் அனுப்பவில்லை. இந்த வருடம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அடுத்த வருடம் அவள் மாணவி இல்லை.

அவள் முன்சீட்டுப் பக்கம் எட்டினாள்.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க. எல்லாரையும்விடப் பெரிய ஹெவிவெயிட் யாரு?"

மாஸ்டர் முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுச் சாய்ந்திருந்தார். துண்டு அசையவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன மாஸ்டர்?"

"தலை வலிக்குது. நாளைக்கு."

மறுநாள் காலை, போட்டி நடந்த கல்லூரியின் உள்ளரங்கில் எடை பார்த்தார்கள். பெண்களுக்குத் தனியறை; பெண் என்பதால் மாஸ்டரும் உள்ளே பெஞ்சில் இருந்தார். வாசலுக்குத் திரை. அன்று பெரிய எடையிலிருந்து சிறிய எடைக்கு அழைத்தார்கள். அதனால் டெல்சியும் மற்றவர்களும் வரிசையின் கடைசியில், உதடு வெடிக்க, சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

யாமினி ஏறினாள். எண்பத்தெட்டு. இறங்கினாள்.

"இந்தப் பிரிவுல இன்னொரு ஆளும் இருக்கு," என்றார் தராசுக்குப் பக்கத்தில் இருந்த நடுவரம்மா.

யாமினி திரும்பிப் பார்த்தாள்.

திரைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். உயரம். அகலமான தோள். அந்தத் தோளைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கி மூடியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லூரி. முந்தின நாள் பஸ் ஏறி, விடிகாலையில் வந்து இறங்கியவள். துப்பட்டாவை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுத் தராசில் ஏறினாள்.

எண்பது கிலோ அறுநூறு கிராம்.

"நானூறு குறையுதேம்மா," என்றார் நடுவரம்மா.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "கொறஞ்சா நல்லதுதானக்கா?"

"மத்த பிரிவுக்கு நல்லது. உனக்கு இல்ல. எண்பத்தொண்ணைத் தாண்டணும்."

"எடை பாக்குததுக்கு முந்தி ஒண்ணும் திங்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நேத்து மத்தியானத்துலேந்து ஒண்ணும் திங்கல. தண்ணிகூடக் குடிக்கல."

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும்தான்."

வரிசையில் யாரோ ஒருத்தி வறண்ட தொண்டையில் சிரித்தாள்.

"எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள மறுபடி ஏறலாம். தாண்டலைன்னா இந்தப் பொண்ணுக்கு வாக்கோவர்." நடுவரம்மா யாமினியைக் காட்டினார். "உன் கோச் எங்க?"

"பி.டி. மிஸ் டீ குடிக்கப் போயிருக்காங்க."

யாமினி மூச்சு விட்டாள். விட்ட சத்தம் அவளுக்கே கேட்டது.

மாஸ்டர் பெஞ்சிலிருந்து எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாமினியின் பையைத் திறந்து, அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கும்பகோணத்தில் வாங்கிய பூவன்பழச் சீப்பையும் எடுத்தார்.

"மாஸ்டர், அது என்னுது."

"தெரியும்."

அந்தப் பெண்ணிடம் போய்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"குடிம்மா. அவசரப்படாத, குமட்டும். ஒரு வாய் தண்ணி, ஒரு பழம். அப்படியே மாத்தி மாத்திப் போடு."

அவள் குடித்தாள். சத்தமாக இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தார்கள். டெல்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

யாமினி மாஸ்டரின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துவந்தாள்.

"நீங்க யாருக்கு மாஸ்டர்?"

"உனக்கு."

"எனக்குன்னா, இது என்ன?"

"தண்ணி."

"விளையாடாதீங்க மாஸ்டர். இது எனக்குக் கடைசி வருஷம்."

"தெரியும்."

"எடை இல்லைன்னா தகுதி இல்ல. விதி அதுதான். நான் எழுதின விதியா?"

"விதிப்படிதான் குடிக்கிறா. மணி இன்னும் எட்டு ஆகல."

யாமினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாதத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

"அவ கோச் பாக்க வேண்டிய வேலை இது. நீங்க ஏன் பாக்குறீங்க?"

மாஸ்டர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தின நாள் வேன் சீட்டில் முறுக்கிய கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"ஒருத்தியாவது வரட்டும்னு நெய்வேலி வரைக்கும் கத்தினது யாரு?"

யாமினி திரும்பிப் பார்த்தாள்; அந்தப் பெண் அடுத்த பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்கா," என்றார் மாஸ்டர். "பசியோட வந்திருக்கா."

எட்டு மணிக்குள் அவள் மறுபடி ஏறினாள். எண்பத்தொன்று இருநூறு. நடுவரம்மா தலையாட்டினார். அவள் நாற்காலியிலிருந்த துப்பட்டாவை எடுத்தாள். போர்த்தவில்லை. தோளில் சும்மா போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

சண்டை மாலையில். யாமினி மாஸ்டரிடம் பகல் முழுக்கப் பேசவில்லை. மாஸ்டர் அவள் கைகளுக்குத் துணிப்பட்டை சுற்றியபோதும் பேசவில்லை. மாஸ்டர் எப்போதும்போல விரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்துச் சுற்றினார்.

மைக்கில் பேர்களைச் சொன்னார்கள். யாமினியின் காதில் தலைக்கவசமும் கோபமும் இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. எதிர்மூலையைப் பார்த்தாள். காலியாக இல்லை.

முதல் ரவுண்டில் யாமினி கனமாக அடித்தாள். பாதி அடி காற்றில் போனது. அந்தப் பெண் ஏழு கிலோ குறைவு. நகர்ந்துகொண்டே இருந்தாள். மணி அடித்து மூலைக்கு வந்தபோது யாமினியின் தோள்கள் இரும்பாகியிருந்தன.

"மூச்சு வரல," என்றாள். காலைக்குப் பிறகு மாஸ்டரிடம் பேசிய முதல் பேச்சு.

"வரும். அவ அடிச்சுட்டு வலது கையைக் கீழ விடுறா. பாத்தியா?"

"பாக்கல."

"இப்ப பாரு."

இரண்டாம் ரவுண்டில் எங்கிருந்தோ ஓர் இடது கை வந்தது. யாமினியின் மூக்கில் சூடாக இறங்கியது. பனியனில் ரத்தம். இத்தனை வருடத்தில் அவள் பனியனில் ரத்தம் பட்டது அதுதான் முதல் முறை. நடுவர் நிறுத்திப் பார்த்தார். "முடியும்," என்றாள்.

மூன்றாவது ரவுண்டில் அந்த வலது கை கீழே இறங்கியதைப் பார்த்தாள். அந்த இடைவெளியில் அடித்தாள். அந்தப் பெண் ஓரடி பின்னால் போய்க் கயிற்றில் மோதி நின்றாள். பிறகு இரண்டு பேருமே நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அடித்தார்கள். வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். டெல்சி எதையோ கத்தினாள். மணி அடித்தது. அவர்களுக்குக் கேட்கவில்லை. நடுவர் நடுவில் புகுந்து பிரித்தார்.

ஐந்து தீர்ப்பாளர்களில் மூன்று பேர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். இரண்டு பேர் யாமினிக்கு. நடுவர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினார். யாமினியின் கை பக்கவாட்டில் தொங்கியது.

உடை மாற்றும் அறையில் இரண்டு பேர்தான். யாமினியின் மூக்கில் பஞ்சு. மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, அவள் கையை மடியில் வைத்துத் துணிப்பட்டையை அவிழ்த்தார்.

"நீங்க தண்ணி குடுக்கலைன்னா தங்கம் என்னுது," என்றாள் யாமினி.

"ஆமா."

"அகில இந்தியாவுக்குப் போயிருப்பேன்."

"போயிருப்ப."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு."

சண்டை போட அதில் ஒன்றும் இல்லை. யாமினி சுவரில் தலையைச் சாய்த்தாள். பஞ்சு சிவந்திருந்தது. வெளியே அடுத்த சண்டைக்கு மைக்கில் யாரையோ கூப்பிட்டார்கள். மாஸ்டர் வலது கையை முடித்து இடது கையை எடுத்தார்.

இடது கைப் பட்டை பாதி அவிழ்ந்தபோது யாமினி சொன்னாள்.

"கடைசி ரவுண்டுல ஒண்ணு குடுத்தேனே. கயித்துல போய் மோதினாளே. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அடுத்தது விழும்னுதான் நின்னேன். அவ சிரிச்சா மாஸ்டர். பல்லுக்காப்பு தெரியச் சிரிச்சா. சிரிச்சுட்டுத் திரும்பி வந்து அடிச்சா."

"ம்."

"நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன்."

மாஸ்டர் பட்டையைச் சுருட்டினார். ஈரமாக இருந்தது. கனமாகவும் இருந்தது.

யாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பத்தொன்பது பேரை வரிசையாகச் சொன்ன வாய், ஒரு பேரைத் தேடித் திறந்து மூடியது.

"மாஸ்டர், அவ பேரு என்ன?"

மாஸ்டர் சுருட்டிய பட்டைகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உன் பாட்டில் இன்னும் அவகிட்டதான் இருக்கு. வாசல்ல நிக்கிறா. பேரையும், நேத்து என்கிட்ட கேட்டதையும் அவகிட்டயே கேளு. பஸ் வர்றதுக்குள்ள போ."