நடக்கிற தூரம்

மதுரையில் கீழ ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கங்காதரன் என்பவர் குடியிருந்தார். அறுபதைத் தாண்டியவர். சொந்த வீடு. வாழ்நாளில் ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை.

கேட்டால், "எதுக்கு? எல்லாம் நடக்கிற தூரம்தானே" என்பார்.

காலையில் காபிக்கு ஒரு தெரு, பேப்பர் படிக்க இன்னொரு தெரு. சாயங்காலம் மனைவி பரிமளாவோடு மாசி வீதிப் பக்கம் போய்த் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடிப்பார். வாங்க ஒன்றுமில்லாத கடையிலும் நின்று விலை கேட்பார். கடைக்காரர்களும் சலிக்காமல் சொல்வார்கள்.

ஒரு தீபாவளிக் கூட்டத்தில், விளக்குத்தூண் அருகே, பின்னால் வந்த சின்ன வேன் ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. பின்மண்டையில் அடி.

காயம் ஆறிவிட்டது. அவர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

சந்துக்குள் ஹாரன் சத்தம் கேட்டால் கை தானாகத் தலைக்குப் போகும். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தியே வைத்தார். பரிமளா காய்கறி வாங்கப் போனால், திரும்பி வரும்வரை கதவுக்குப் பின்னால் நிற்பார். ஒருநாள் அவள் யாருடனோ பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாக வந்தாள். அவர் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு பரிமளா தெருவில் யாரோடும் நின்று பேசுவதில்லை.

கடைசியில் வீட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சரக்கு வைக்கக் கேட்டிருந்தார். ரிங் ரோட்டுக்கு அப்பால், சுற்றுச்சுவர் எழுப்பி வாசலில் காவலாளி போட்ட குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே போய்விடலாம். சொந்தக்காரர்களிடம், "வயசாச்சு, மாடிப்படி ஏற முடியல" என்று காரணம் சொன்னார்.

முன்பணம் வாங்க வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் தரகர் வருவதாக இருந்தது. காலையில் அம்சவேணி வந்தார்.

அம்சவேணி ஒரு பாத்திரக்கடையின் மாடியில் சிலபேரை உட்காரவைத்து, கண்ணை மூடிச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பவர். கங்காதரனைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் கங்காதரன் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். பல வருடம் அந்த மாடிக்கு நடந்து போனவர் அவர். அடிபட்டபின் போகவில்லை. பரிமளா சொல்லித்தான் அம்சவேணி வந்திருந்தார்.

கங்காதரன் நேரடியாகக் கேட்டார். "வீட்ட விக்கலாமாம்மா?"

"வாங்க வந்தவ நான்னு வச்சுக்கங்க" என்றார் அம்சவேணி. "காட்டுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுந்து காட்டினார். முன்னறை, சமையலறை, மாடி, மாடியிலிருந்து தெரியும் கோபுரம். அம்சவேணி சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் நன்றாக வருமா என்று கேட்டார். பரிமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"வெளியில எப்படி? கடைகண்ணி பக்கமா?"

"எல்லாம் நடக்கிற தூரம்தான்." பழைய பழக்கத்தில் வார்த்தை வந்துவிட்டது.

"அப்ப நடந்து காட்டுங்க."

கங்காதரன் பின்வாங்கினார். "அம்மா, வேண்டாம்."

"பார்க்காம எப்படி வாங்குறது?"

"பரிமளா கூட்டிட்டுப் போவா."

"விக்கிறது அவங்க இல்லையே."

கங்காதரன் வாசற்படிவரை போய்த் திரும்பி வந்தார். பிறகு செருப்பைத் தேடினார். பரிமளா அதை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

சந்தில் அம்சவேணி அவருக்குப் பின்னால்தான் நடந்தார். "முன்னால போங்கம்மா" என்று கெஞ்சினார் கங்காதரன்.

"வாங்குறவளுக்கு வழி எப்படித் தெரியும்?"

அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். சந்து முடிந்தது. வீதி திறந்தது. வெயில், கூட்டம், ஒன்றையொன்று உரசிப் போகும் வண்டிகள். ஒரு ஆட்டோ காதருகில் ஹாரன் அடித்தது. கங்காதரன் ஒரு கடையின் சுவரோடு ஒட்டிக்கொண்டார். திரும்பி அம்சவேணியைத் தேடினார். அவர் சற்றுத் தள்ளி, ஒன்றும் நடக்காதது போல நின்றிருந்தார். உதவிக்கு வரவில்லை.

"இது என்ன கடை?" என்று கேட்டார்.

"கா… காபிக்கடை. காலையில நல்லா இருக்கும்."

"அடுத்தது?"

"பழைய புத்தகக் கடை. இன்னைக்குத் திறக்கல."

அப்படியே ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். கடையின் பெயர் மறந்து, பாதிச் சொல்லில் நின்றார். எண்ணெய்க்கடை வாசலைத் தாண்டியதும் கால் அடியோடு நின்றுவிட்டது. தூரத்தில் விளக்குத்தூண் தெரிந்தது.

"இதுக்கு மேல முடியாதும்மா."

"வண்டிக்குப் பயமா?"

கங்காதரன் தலையசைத்தார். இல்லை என்று. இதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"வண்டி இடிச்சதுகூட எனக்கு ஞாபகம் இல்ல. கீழ கிடந்தேன். வாய் திறந்து கூப்பிட முடியல. கண்ணு மட்டும் தெரிஞ்சுது. சுத்தி ஏகப்பட்ட காலு. எல்லாம் குதிகாலு. ஒரு பாதம்கூட என் பக்கம் திரும்பல. அத்தன பேரும் எனக்கு முதுகக் காட்டிட்டு நின்னாங்க. வருஷக்கணக்கா இந்தத் தெருவுல எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டு நடந்தவன் நான். ஒருத்தர் குனிஞ்சு பார்க்கல. ராத்திரி கண்ண மூடினா அந்தக் குதிகாலுங்கதான் வருது."

"ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனீங்க?"

"யாரோ ஆட்டோவுல கொண்டுவந்து விட்டாங்களாம்."

"யாரு?"

"கேட்டுக்கல."

அம்சவேணி தூணைப் பார்த்தார். "அந்த இடத்தக் காட்டுங்க."

"அங்க என்னம்மா இருக்கு?"

"வாங்குறவகிட்ட குறைய மறைக்கக் கூடாது, ஐயா."

மிச்சமிருந்த கொஞ்ச தூரம் அவருக்கு முடிவே இல்லாதது போல இருந்தது. நடந்தார். வேர்வை கண்ணில் இறங்கியது. ஒரு வளையல் கடையின் முன்னால் நின்று, சாலையோரத்தைக் காட்டினார்.

"இங்கதான்."

அங்கே ஒன்றுமில்லை. தார், பழத்தோல், ஒரு கிழிந்த துணிப்பை.

"யா அல்லா! அண்ணே, நீங்களா?"

வளையல் கடைக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கடைக்காரி மெஹருன்னிசா. கங்காதரன் அவளிடம் எத்தனையோ முறை சும்மா விலை கேட்டிருக்கிறார். அவள் கையிலிருந்த வளையல் பெட்டி கீழே விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"உசுரோட இருக்கீங்களா அண்ணே! நீங்க போயிட்டீங்கன்னுல்ல நெனச்சிருந்தோம். ஆஸ்பத்திரியில போய்க் கேட்டோம். பேரு தெரியல, சொல்ல மாட்டேன்னுட்டாங்க. தெனம் வந்து வெல கேக்குறவரு, அத்தோட வரவே இல்ல. வேற என்ன நெனைக்க?"

கங்காதரன் அவளையே பார்த்தார்.

"நீ… அன்னைக்கு இருந்தியாம்மா?"

"இருந்தேனாவா! நல்லாக் கேட்டீங்க. தலையில அடி, அசைக்கக் கூடாதுன்னு மருந்துக்கடைத் தம்பி கத்துறான். வண்டிக்காரங்க ஒருத்தன் நிக்கல. தீவாளிக் கூட்டம், பின்னாலேர்ந்து தள்ளுறாங்க. உங்க மேல ஏறிருவாங்கன்னு நாங்கதான் சுத்தி நின்னோம். கையக் கோத்துக்கிட்டு."

"சுத்தி நின்னீங்களா?"

"ஆமாண்ணே. ஆட்டோ உள்ள வர்ற வரைக்கும்."

கங்காதரன் கீழே தாரைப் பார்த்தார். "எனக்கு முதுகக் காட்டிக்கிட்டா?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "பின்ன? வண்டி அங்கிட்டு இருந்துல்ல வருது. அதத் தடுக்கணும்னா அதப் பார்த்துத்தான நிக்கணும்? எங்க வீட்டுக்காரரு கால்ல ஸ்கூட்டர் ஏறி நகமே பேந்துருச்சு. ஏங்க, இங்க வாங்க, அந்த அண்ணன் வந்திருக்காரு!"

உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். மருந்துக்கடையிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் எல்லோருடைய முகமும் கங்காதரனுக்குத் தெரியும். யாருடைய பெயரும் தெரியாது.

அவர் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி சட்டையில் சிந்தியது. வளையல் கடைக்காரரின் காலைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அவரும் விடுவிக்க முயலவில்லை.

கூட்டம் மெல்லத் தன் வேலைக்குத் திரும்பியது. அம்சவேணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் பயமாத்தான் இருக்கும்மா" என்றார் கங்காதரன்.

"இருக்கும்."

"திரும்பி நடந்து போகணும்னு நெனச்சாலே கை சில்லிடுது. மறுபடி ஒரு வண்டி வராதுன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல."

அப்போது தரகரின் போன் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் அவசரப்படுகிறார், இப்போதே வரட்டுமா என்று கேட்டார். கங்காதரன் போனைக் காதில் வைத்தபடி சாலையைப் பார்த்தார். ஒரு பஸ் பெருமூச்சு விட்டபடி திரும்பியது. அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார். "நான் இன்னும் யோசிக்கல. யோசிச்சிட்டு நானே கூப்பிடுறேன்."

தரகர் ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் போனை வைத்துவிட்டார். பிறகு அம்சவேணியிடம் கேட்டார்.

"அப்ப வீட்ட விக்கக் கூடாதுங்கிறீங்களா அம்மா?"

"அப்படி நான் சொல்லலையே. தாராளமா விக்கலாம்."

கங்காதரன் திகைத்துப்போனார். "இத காலையிலேயே சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே?"

அம்சவேணி எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"காலையில என்கிட்ட கேட்டது உங்க பயம். வீட்டுப் பத்திரம் அது பேர்ல இல்லையே, ஐயா."