மீசையில் ஒரு பருக்கை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குச் சந்தேகம் வந்தால் ஊருக்கே காய்ச்சல் வரும் ஒரு தேசத்தில், கெம்பீரவர்மர் என்றொரு ராஜா இருந்தார். மதம்பிடித்த யானையை அவர் அதட்டி உட்கார வைத்ததைப் பார்த்த இங்கிலீஷ் வியாபாரி ஒருவன், "அடாசிட்டி!" என்று கத்திவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான்.

ராஜா துபாஷி அருளப்பனைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார்.

"துணிச்சல் என்றும் சொல்வார்கள், மகாராஜா... திமிர் என்றும் சொல்வார்கள்."

"புகழ்ந்தானா, வைதானா? நாளைச் சபையில் தெரிந்தாக வேண்டும். இல்லையேல் உன் நாக்கு உனக்கில்லை."

விகடகவியைக் கண்டாலே ஆகாத மந்திரி ஆதிமூலத்துக்கு வாயெல்லாம் பல். "நம் விகடகவி பிச்சாண்டி விளக்கட்டுமே, பிரபு! தவறினால் அவர் நாக்கும் சேரட்டும்."

"ஆகட்டும். பிச்சாண்டி, வாயால் அளக்காதே. கண்ணுக்குக் காட்டு!"

வெளியே வந்ததும் அருளப்பன் விசும்பினார். "பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கலை ஓய். நாக்கு போனால் எப்படிக் கூப்பிடுவேன்?"

பிச்சாண்டிக்கு முதல்முறையாக வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் சாப்பாடு முடிந்து ராஜா சபைக்கு வந்தார். இடது மீசையில் ஒரு தயிர்ச்சோற்றுப் பருக்கை. எல்லாரும் பார்த்தார்கள்; எல்லாரும் உடனே விதானத்தைப் பார்த்தார்கள். அரச மீசையைத் தொட்டால் கையை வெட்டுவது அந்நாட்டு வழக்கம். பருக்கையைத் தொடலாமா என்று வழக்கத்தில் சொல்லவில்லை.

"காட்டு," என்றார் ராஜா. பருக்கையும் ஆடியது.

மகாராணி உயிரோடு இருந்தவரை ராஜாவின் மீசையை முந்தானையால் துடைத்துத்தான் அனுப்புவார். அது பிச்சாண்டிக்கு நினைவு வந்தது. விறுவிறுவென்று படியேறினான், இரண்டு விரலால் பருக்கையை எடுத்தான், மீசையையும் நீவிவிட்டான்.

"என்ன திமிர்!" என்று அலறினார் ஆதிமூலம்.

"என்ன துணிச்சல்!" என்றார் அருளப்பன், தன்னையறியாமல்.

"இதுதான் மகாராஜா, அந்தச் சொல்," என்றான் பிச்சாண்டி. "ஒரே காரியம், பார்ப்பவர் மனசுதான் வேறு. அந்த வியாபாரி கத்தும்போது என்ன செய்தான்?"

"குதித்துக் குதித்துக் கைதட்டினான்."

"அப்புறமென்ன? புகழ்ச்சிதான்!"

"பிரபு, கையை வெட்டச் சொல்லுங்கள்!"

"ஆதிமூலம், பருக்கை உமக்குத் தெரிந்ததா?"

"தெரிந்தது, பிரபு... மரியாதைக்காக..."

ராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். "ராணி போனபிறகு யாருமே சொல்லவில்லை. எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருந்தேனோ!" என்றவர், திடீரென்று சிம்மாசனமே குலுங்கச் சிரித்தார். வெட்டவேண்டிய கையில் தம் பொற்காப்பை மாட்டினார். அருளப்பனை, "போய்ப் பிள்ளைக்குப் பேர் வையும்!" என்று விரட்டினார்.

அடுத்த நாள் மந்திரிகள் அத்தனை பேரும் பட்டுத்துணியோடு வரிசையில் நின்றார்கள். ராஜா முகம் கொடுக்கவில்லை. மீசையில் தாமே கவனமாக ஒட்டவைத்த ஒரு பருக்கையோடு, பிச்சாண்டி வரட்டும் என்று காத்திருந்தார்.